பெங்களூரில் பியூசி: நான்கு பாடங்களை முடிவு செய்வதற்கு முன்

எஸ்எஸ்எல்சி ரிசல்ட் வந்த அன்று மாலையே லிங்கராஜபுரத்தில் எங்கள் வீட்டுக் கதவை யாராவது தட்டுவார்கள். கையில் மார்க் பட்டியலின் பிரிண்ட், பின்னால் கூச்சத்தோடு பத்தாவது முடித்த பிள்ளை. "அக்கா, எந்த குரூப் எடுக்கிறது?" என்பதுதான் முதல் கேள்வி. ஆம்பூர், வாணியம்பாடி, கிருஷ்ணகிரி, தர்மபுரி பக்கத்திலிருந்து வந்து இரண்டு மூன்று வருடம் ஆன குடும்பங்கள். நாங்களும் அப்படி வந்தவர்கள்தான். வந்து பதினாறு வருடம் ஆகிறது.

அந்த மாலைகளில் நான் சொல்வதையெல்லாம் இங்கே எழுதி வைக்கிறேன். எட்டாவது ஒன்பதாவது படிக்கும் பிள்ளை இருக்கும் வீட்டுக்கு இது இன்னும் அதிகம் பயன்படும். ரிசல்ட் வந்த பிறகு அவகாசம் பத்துப் பதினைந்து நாள்தான்.

எனக்கு இதில் ஏன் இவ்வளவு அக்கறை என்று முதலில் சொல்லிவிடுகிறேன். என் மூத்த மகளை பியூசியில், அதாவது இங்கத்திய பதினொன்றாவதில், சேர்க்கப் போன அன்று கவுன்டரில் இருந்தவர், "பிசிஎம்பி ஃபுல் ஆயிடுச்சு மேடம், பிசிஎம்சி இருக்கு, ரெண்டும் சயின்ஸ்தான்" என்றார். பிசிஎம்பியில் கடைசி எழுத்து உயிரியல், பிசிஎம்சியில் கம்ப்யூட்டர் சயின்ஸ். வரிசை நீளம், வெயில், பின்னால் நிற்பவர்களின் முணுமுணுப்பு. சரி என்று கையெழுத்துப் போட்டேன். இரண்டு வருடம் கழித்து, பக்கவாதத்தில் விழுந்த என் மாமியாருக்குத் தினமும் வீட்டுக்கு வந்து கைகாலை அசைக்கப் பழக்கிய பிசியோதெரபிஸ்டைப் பார்த்துப் பார்த்து, அந்தப் படிப்புதான் வேண்டும் என்றாள். அதற்கு உயிரியல் வேண்டும். அவளிடம் உயிரியல் இல்லை. நான் அன்று கேட்டிருக்க வேண்டியது ஒரே கேள்வி: பி போய் சி வந்தால் எந்தெந்தப் படிப்பு போகும்? அதைக் கேட்கத் தெரியவில்லை. கணினியில் பட்டம் வாங்கி வேலைக்குப் போகிறாள், நன்றாகவும் இருக்கிறாள். ஆனாலும் அந்தக் கவுன்டரை நான் மறக்கவில்லை.

பியூசி என்றால் என்ன, எதில் தேற வேண்டும்

தமிழ்நாட்டில் பதினொன்றும் பன்னிரண்டும் பள்ளிக்கூடத்திலேயே நடக்கும். இங்கே மாநிலப் பாடத்திட்டத்தில் படித்தால் பத்தாவதோடு பள்ளி முடிந்து, அடுத்த இரண்டு வருடம் பியூ கல்லூரி. ஃபர்ஸ்ட் பியூ, செகண்ட் பியூ என்பார்கள். நம் ஊரில் குரூப் என்பது இங்கே காம்பினேஷன். மற்றபடி அமைப்பு ஒன்றுதான்: இரண்டு மொழி, நான்கு பாடம், ஒவ்வொன்றுக்கும் 100, மொத்தம் 600. இங்கே ஆய்வகம் உள்ள பாடத்துக்கு எழுத்துத் தேர்வு 70, செய்முறை 30. மற்றவற்றுக்கு எழுத்து 80, உள்மதிப்பீடு 20. அந்த 20ஐப் பல பிள்ளைகள் கண்டுகொள்வதில்லை. அசைன்மென்ட்டை ஒழுங்காகக் கொடுத்தாலே கிடைக்கிற மதிப்பெண் அது.

தேர்ச்சி மதிப்பெண் முன்பு பாடத்துக்கு 35. 2025-26 கல்வியாண்டிலிருந்து மொத்தத்தில் 33 விழுக்காடு, அதாவது 600க்கு 198, அதோடு ஒவ்வொரு பாடத்திலும் குறைந்தது 30 என்று மாற்றியிருக்கிறார்கள். வருகை 75 விழுக்காடு இல்லாவிட்டால் தேர்வு எழுத விட மாட்டார்கள். செகண்ட் பியூவுக்கு 2023-24 முதல் ஒரே ஆண்டில் தேர்வு 1, தேர்வு 2 என்று ஒன்றுக்கு மேல் வாய்ப்பு. எதில் அதிகம் வாங்கினாலும் அது நிற்கும். ஒரு பாடம் போய்விட்டது என்று வீட்டில் யாரும் ஒடிந்துபோக வேண்டாம், அதே கோடையில் மறுபடி எழுதலாம்.

தேர்வை நடத்துவது கேசீப் எனப்படும் கர்நாடகப் பள்ளித் தேர்வு மற்றும் மதிப்பீட்டு வாரியம். பொறியியல் போன்ற தொழிற்படிப்புகளுக்கு சிஇடி என்ற நுழைவுத் தேர்வும், மருத்துவத்துக்கும் சேர்த்து கவுன்சலிங்கும் நடத்துவது கேஇஏ, அதாவது கர்நாடகத் தேர்வு ஆணையம். இரண்டுக்கும் அலுவலகம் மல்லேஸ்வரத்தில் இருப்பதால் ஒன்றுக்குப் போக வேண்டியவர்கள் மற்றதன் வாசலில் போய் நிற்கிறார்கள். மார்க் பட்டியல் விஷயம் வாரியத்துக்கு, சிஇடி விஷயம் கேஇஏவுக்கு.

காலண்டர் தாளின் பின்பக்கம்

வருகிறவர்களை நான் முதலில் செய்யச் சொல்வது இதுதான். கிழித்த தினசரிக் காலண்டர் தாள் போதாது, மாதக் காலண்டர் தாளாக ஒன்று எடுங்கள். பின்பக்கம் மூன்று கட்டம் போடுங்கள். வலது ஓரத்தில் பிள்ளை ஆசைப்படும் வேலைகள், மூன்றாவது இருக்கட்டும். நடுவில் அந்த வேலைக்குப் போக எந்தப் பட்டம், எந்த நுழைவுத் தேர்வு. இடது ஓரத்தில் அந்தத் தேர்வு பன்னிரண்டாவதில் கேட்கும் பாடங்கள். வலமிருந்து இடமாகத்தான் நிரப்ப வேண்டும். கடைசியில் இடது ஓரத்தில் எந்தப் பாடங்கள் திரும்பத் திரும்ப வருகின்றனவோ, அதுவே காம்பினேஷன்.

போன வருடம் எதிர்வீட்டுப் பெண் எழுதினாள்: நர்ஸ், கம்ப்யூட்டர் இன்ஜினியர், விமானப்படை. மூன்றும் மூன்று திசை என்று அவள் அப்பா சிரித்தார். நிரப்பிப் பார்த்தால், நர்சிங்குக்கு இயற்பியல், வேதியியல், உயிரியல். இன்ஜினியரிங்குக்கு இயற்பியல், கணிதம், கூடவே வேதியியல் போல ஒன்று. என்டிஏ எனப்படும் தேசியப் பாதுகாப்பு அகாடமி வழியாக விமானப்படைக்கு இயற்பியல், வேதியியல், கணிதம், பெண்களும் எழுதலாம். மூன்றையும் சேர்த்தால் பிசிஎம்பி. அவள் அப்பா தாளை எடுத்து மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்.

எழுத்துகள் எதைத் திறக்கும், எதை மூடும்

சயின்ஸில் நான்கு காம்பினேஷன்கள் பரவலாகக் கிடைக்கும். இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் பொது. நான்காவதாக உயிரியல் வந்தால் பிசிஎம்பி, கம்ப்யூட்டர் சயின்ஸ் வந்தால் பிசிஎம்சி, எலெக்ட்ரானிக்ஸ் வந்தால் பிசிஎம்இ, புள்ளியியல் வந்தால் பிசிஎம்எஸ்.

இங்கே பெற்றோர் பெரும்பாலும் தவறாக நினைக்கும் ஒன்றைச் சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் இன்ஜினியரிங் சேரப் பியூசியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் படித்திருக்கத் தேவையே இல்லை. சிஇடி தரவரிசைக்கு எடுத்துக்கொள்வது இயற்பியல், வேதியியல், கணிதம்தான். அதனால் பிசிஎம்பி படித்த பிள்ளைக்கு இன்ஜினியரிங் கதவும் திறந்திருக்கும், நீட் கதவும் திறந்திருக்கும். பிசிஎம்சி படித்த பிள்ளைக்கு மருத்துவம், நர்சிங், பிசியோதெரபி, ஆய்வகத் தொழில்நுட்பம் எல்லாம் மூடிவிடும்.

அப்படியானால் எல்லோரும் பிசிஎம்பி எடுக்கலாமா? நான் அப்படிச் சொல்ல மாட்டேன். உயிரியல் படம் வரைவதும் பெயர் மனப்பாடம் செய்வதும் சில பிள்ளைகளுக்கு உயிர் போகிற வேலை. அதில் சோர்ந்து கணிதத்தையும் கோட்டைவிடுவதைப் பார்த்திருக்கிறேன். எட்டாவதிலிருந்து பிள்ளை எந்தப் புத்தகத்தைத் தானாகத் திறக்கிறது என்று கவனித்திருந்தால் பதில் உங்களுக்கே தெரியும். இன்னும் முடிவு செய்யாத பிள்ளை, உயிரியல் வெறுப்பில்லை என்றால் மட்டும் பிசிஎம்பி.

மதிப்பெண் எங்கே எவ்வளவு எண்ணப்படுகிறது என்பதும் தெரிந்திருக்க வேண்டும். கர்நாடக சிஇடியில் பொறியியல் தரவரிசை பாதி சிஇடி மதிப்பெண், பாதி செகண்ட் பியூவில் அந்த மூன்று பாட மதிப்பெண். சிஇடியில் பாடத்துக்கு 60 கேள்வி, தவறான விடைக்கு மதிப்பெண் குறையாது. தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சலிங்கில் நுழைவுத் தேர்வே கிடையாது. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50 என்று 200க்கு கட்-ஆஃப். ஜேஇஇ என்ற தேசிய நுழைவுத் தேர்வு வழியில் மத்திய அரசின் பொறியியல் கல்லூரியான என்ஐடி என்றால் தரவரிசை முழுக்க நுழைவுத் தேர்வில்தான். ஆனால் பன்னிரண்டாவதில் 75 விழுக்காடோ வாரியத்தின் முதல் 20 சதமானத்துக்குள்ளோ இருக்க வேண்டும். பட்டியல் சாதி, பழங்குடியினருக்கு 65. ஆக, பியூ வகுப்போடு சேர்த்தே நடத்தும் "இன்டகிரேட்டட்" கோச்சிங்கில் சேர்த்துவிட்டோம், பியூ மதிப்பெண் எப்படிப் போனாலும் பரவாயில்லை என்ற பேச்சை நம்பாதீர்கள். கடன் வாங்கி அந்தக் கட்டணம் கட்டுவதற்கு முன், பிள்ளை ஒரு வாரம் அந்த வகுப்பில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

காமர்ஸில் ஹெபா என்றால் வரலாறு, பொருளியல், பிசினஸ் ஸ்டடீஸ், அக்கவுன்டன்சி. வரலாற்றுக்குப் பதில் புள்ளியியல் வந்தால் செபா, கம்ப்யூட்டர் சயின்ஸ் வந்தால் சீபா. சில கல்லூரிகளில் பேசிக் மேத்ஸ் சேர்ந்த காம்பினேஷனும் உண்டு. பி.காம்., சி.ஏ. இரண்டுக்கும் எதுவானாலும் வழி உண்டு. ஆனால் கணிதம் என்ற பெயரில் ஒரு பாடமும் இல்லாமல் காமர்ஸ் எடுத்தால் சில கதவுகள் சத்தமில்லாமல் மூடும். தில்லிப் பல்கலைக்கழகத்தில் பொருளியல் ஆனர்ஸுக்குக் கணிதம் கட்டாயம். 2022 முதல் அங்கே சேர்க்கை சியுஇடி எனப்படும் பொது நுழைவுத் தேர்வு வழியாக, பன்னிரண்டாவதில் படித்த பாடங்களில்தான் எழுத வேண்டும். நம் பெங்களூரிலேயே மைசூர் சாலையில் இருக்கும் இந்தியப் புள்ளியியல் கழகத்தில் கணிதப் பட்டப்படிப்பு உண்டு. அதற்கும் பள்ளிக் கணிதம் இல்லாமல் முடியாது. பேசிக் மேத்ஸை எந்தப் பல்கலைக்கழகம் கணிதமாக ஏற்கிறது என்பதைச் சேருவதற்கு முன் அந்தந்த விதியில் பாருங்கள், சேர்ந்த பிறகு அல்ல.

ஆர்ட்ஸ் என்றால் முகம் சுளிக்கும் வழக்கம் நம்மிடம் அதிகம். ஹெப்ஸ் எனப்படும் வரலாறு, பொருளியல், அரசியல் அறிவியல், சமூகவியல் படித்த பிள்ளை சட்டத்துக்குப் போகலாம். நாகரபாவியில் இருக்கும் தேசியச் சட்டப் பள்ளி நாடு முழுவதும் பிள்ளைகள் போட்டி போடும் இடம். அதற்கான கிளாட் தேர்வை எந்தக் காம்பினேஷனும் எழுதலாம், பன்னிரண்டாவதில் பொதுப் பிரிவுக்கு 45 விழுக்காடு போதும். தேர்வு டிசம்பரில் நடக்கிறது, செகண்ட் பியூ எழுதும் முன்பே. இது தெரியாமல் மே மாதம் வந்து கேட்பவர்கள் ஒவ்வொரு வருடமும் உண்டு. நிஃப்ட் ஃபேஷன் வடிவமைப்புக்கும் எந்தப் பாடமானாலும் சரி. கட்டடக்கலைக்கு மட்டும் இயற்பியலும் கணிதமும் இருக்க வேண்டும், நாட்டா போன்ற கட்டடக்கலை நுழைவுத் தேர்வும் எழுத வேண்டும். கப்பல் பொறியியலுக்கும் கப்பல் அதிகாரி பயிற்சிக்கும் இயற்பியல், வேதியியல், கணிதத்தில் 60 விழுக்காடு.

எத்தனை வருடம் எங்கே படித்தது?

புதிதாக வந்த தமிழ்க் குடும்பத்துக்கு காம்பினேஷனை விட இது பெரிய விஷயம். யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. நான்கு இடங்களில் நான்கு விதமாக எண்ணுகிறார்கள்.

கர்நாடக சிஇடியில் அரசு ஒதுக்கீட்டு இடம் வேண்டும் என்றால், முதல் வகுப்பிலிருந்து செகண்ட் பியூ வரைக்குள் குறைந்தது ஏழு கல்வியாண்டு கர்நாடகத்தில் படித்திருக்க வேண்டும், பத்தாவதோ பன்னிரண்டாவதோ இங்கே தேறியிருக்க வேண்டும். ஆறாவதில் வந்த பிள்ளைக்கு 6, 7, 8, 9, 10, ஃபர்ஸ்ட் பியூ, செகண்ட் பியூ என்று சரியாக ஏழு. ஏழாவதில் வந்தால் ஆறுதான். ஒரு வருடத்தில் நழுவும். வேறு வழிகளும் விதியில் உண்டு: அப்பா அல்லது அம்மா கர்நாடகத்தில் ஏழு வருடம் படித்திருந்து, பிள்ளை இரண்டு வருடப் பியூவையும் இங்கே முடித்திருந்தால் அதுவும் கணக்கு. கோலார் தங்கவயலில் பிறந்து வளர்ந்து, கல்யாணமாகித் தமிழ்நாடு போய் மறுபடி இங்கே வந்த அம்மாக்கள் நம்மிடையே எத்தனை பேர்! உங்கள் பழைய பள்ளிச் சான்றிதழ் பிள்ளைக்கு சீட் வாங்கித் தரலாம். தேடி எடுங்கள். மத்திய அரசு ஊழியர், ராணுவத்தினர் பிள்ளைகளுக்குத் தனி விதிகள் உண்டு, கேஇஏ கையேட்டில் ஒவ்வொன்றாக இருக்கும்.

தமிழ்நாட்டுப் பொறியியல் கவுன்சலிங்கில் எட்டாவது முதல் பன்னிரண்டாவது வரை தமிழ்நாட்டில் படித்த பிள்ளையிடம் நேட்டிவிட்டி சான்றிதழ் கேட்க மாட்டார்கள். வெளியில் படித்தாலும் குடும்பம் தமிழ்நாட்டைச் சேர்ந்தது என்றால், தாசில்தாரிடம் நேட்டிவிட்டி வாங்கி விண்ணப்பிக்கலாம். ஏழாவதில் வந்து கர்நாடகத்தில் ஆறு வருடம் மட்டும் ஆன பிள்ளைக்கு இதுதான் பெரிய ஆறுதல். பெங்களூரில் வாங்கிய பியூ மதிப்பெண்ணை வைத்தே நம் ஊர்க் கல்லூரிக்குப் போகலாம். சான்றிதழை ரிசல்ட்டுக்குப் பிறகு அலைந்து வாங்காமல், பொங்கலுக்கு ஊருக்குப் போகும்போதே இ-சேவை மையத்தில் போட்டுவிடுங்கள்.

என்ஐடிகள் இதையெல்லாம் பார்ப்பதில்லை. பன்னிரண்டாவதை எந்த மாநிலத்தில் தேறினாரோ அதுதான் சொந்த மாநிலம், அவருக்கு அந்த மாநில என்ஐடியில் பாதி இடங்கள் ஒதுக்கீடு. பெங்களூரில் பியூ முடித்த பிள்ளைக்குச் சூரத்கல் சொந்த மாநிலம், திருச்சி வெளி மாநிலம். தாத்தா வீடு திருச்சியிலேயே இருந்தாலும் அப்படித்தான்.

நான்காவது, தமிழ்நாட்டு அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 விழுக்காடு ஒதுக்கீடு. மருத்துவத்துக்கு 2020இல் வந்தது, அடுத்த ஆண்டு பொறியியல் உள்ளிட்ட படிப்புகளுக்கும் விரிந்தது. ஆறாவது முதல் பன்னிரண்டாவது வரை அங்கே அரசுப் பள்ளியில் படித்திருக்க வேண்டும். பத்தாவதை ஊரில் அரசுப் பள்ளியில் முடித்த, நீட் எழுதும் எண்ணமுள்ள, நன்றாகப் படிக்கிற பிள்ளையைப் பெங்களூருக்கு அழைத்து வர நினைத்தால் கொஞ்சம் நில்லுங்கள். பாட்டியிடம் இன்னும் இரண்டு வருடம் இருந்து அங்கேயே முடிப்பது, நீங்கள் இங்கே சம்பாதித்துக் கட்டப்போகும் எந்தக் கோச்சிங்கை விடவும் அந்தப் பிள்ளைக்கு அதிகம் உதவலாம். இதைச் சொல்லும்போது பெற்றோர் முகம் வாடும். பிள்ளையைப் பிரிந்திருப்பது எளிதல்ல என்று எனக்கும் தெரியும். ஆனாலும் சொல்லிவிடுகிறேன்.

சாதிச் சான்றிதழையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். தமிழ்நாட்டில் வாங்கியது கர்நாடக மாநில ஒதுக்கீட்டுக்குச் செல்லாது. நீட் அகில இந்திய ஒதுக்கீடு, ஜேஇஇ போன்ற மத்திய சேர்க்கைகளுக்கு மத்திய அரசுப் படிவத்தில் அது பயன்படும். இங்கேயே தலைமுறையாக இருக்கும் குடும்பம் என்றால் நாட கச்சேரி என்கிற உள்ளூர் வருவாய் அலுவலகத்தில் சாதி, வருமானச் சான்றிதழ் வாங்கலாம். அதில் ஆர்டி என்று தொடங்கும் எண் இருக்கும், சிஇடி விண்ணப்பம் அந்த எண்ணைத்தான் கேட்கும்.

எந்த மொழி?

மொழி மதிப்பெண் 600க்குள் வரும், ஆனால் சிஇடி தரவரிசைக்கோ தமிழ்நாட்டு கட்-ஆஃபுக்கோ வராது. அதனால் மதிப்பெண் அள்ளலாம் என்று இதுவரை எழுத்துக்கூடத் தெரியாத சமஸ்கிருதத்தை எடுக்கச் சொல்லும் அறிவுரையை நான் ஏற்பதில்லை. பியூசியில் ஆங்கிலத்தோடு கன்னடம், இந்தி, உருது, தெலுங்கு போலத் தமிழையும் எடுக்கலாம். வாரியம் தேர்வு நடத்துகிறது. ஆனால் தமிழ் ஆசிரியர் இருக்கும் கல்லூரிகள் குறைவு. சேரும் முன் நேரில் கேளுங்கள், "புத்தகத்தில் இருக்கு" என்ற பதிலோடு திரும்பாதீர்கள்.

டிஎன்பிஎஸ்சி எழுதும் எண்ணம் என்றைக்காவது வரலாம் என்றால் பிள்ளைக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரிந்திருக்க வேண்டும். 2021இல் வந்த ஆணைப்படி தமிழ்த் தகுதித் தாளில் 40 விழுக்காடு வாங்காவிட்டால் மற்ற விடைத்தாளைத் திருத்தவே மாட்டார்கள். இங்கே அரசு வேலைக்குக் கன்னடம் வேண்டும். வேலைக்காக இல்லாவிட்டாலும், இந்த ஊரில் வாழப்போகும் பிள்ளை கன்னடம் படிப்பதுதான் முறை. கல்லூரிப் பாடத்தில் ஒரு மொழி, வீட்டில் இன்னொன்று என்று இரண்டையும் பிடித்துக்கொள்ள முடியும். அல்சூர் ஏரிக்கரை அருகே இருக்கும் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்துக்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையை அழைத்துப் போங்கள், நூலகம் இருக்கிறது.

எட்டாவது ஒன்பதாவதில் பிள்ளையை இங்கே கொண்டுவருபவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எஸ்எஸ்எல்சியில் மூன்று மொழி. தமிழ்நாட்டில் இரண்டு மொழி படித்த பிள்ளைக்கு ஒரு புது மொழி பொதுத் தேர்வுப் பாடமாக வந்து நிற்கும். அந்தக் கோடை விடுமுறையில் வேறெந்தக் கோச்சிங்கும் வேண்டாம், கன்னட எழுத்து மட்டும் கற்றுக்கொடுங்கள்.

பியூசி இல்லாமலும் வழி உண்டு

பத்தாவது முடித்ததும் மூன்று வருட டிப்ளமோ சேரலாம். முடித்தவர்கள் டிசிஇடி எழுதி நேராகப் பொறியியல் இரண்டாம் ஆண்டில் சேரலாம். ஆக மொத்தம் ஆறு வருடம், பியூசி வழியில் போனாலும் ஆறு வருடம்தான். கை வேலையில் ஆர்வம் உள்ள பையனுக்கு, வீட்டில் சீக்கிரம் சம்பாத்தியம் தேவைப்படும் பெண்ணுக்கு, இது நல்ல வழி. நடுவில் நிறுத்தினாலும் கையில் ஒரு தகுதி இருக்கும். ராஜாஜிநகரில் இருக்கும் ஜிடிடிசி என்கிற அரசு டூல் ரூமில் டூல் அண்ட் டை டிப்ளமோ மூன்று வருடம், அதன் மேல் ஒரு வருடம் தொழிற்சாலைப் பயிற்சி. பீன்யாவில் லேத் பட்டறை வைத்திருக்கும் எங்கள் உறவினர், அங்கே படித்த பிள்ளை என்றால் இரண்டாவது கேள்வி கேட்காமல் எடுத்துக்கொள்கிறார். ஐடிஐ இரண்டு வருடம் முடித்தவர்களும் டிப்ளமோ இரண்டாம் ஆண்டில் சேர முடியும்.

இந்த வழியில் போனால் நீட் எழுதிச் சேரும் மருத்துவம் போன்ற உயிரியல் படிப்புகள் கிடையாது. அதைப் பிள்ளையிடம் முன்பே சொல்லிவிடுங்கள்.

சிபிஎஸ்இ பள்ளியில் பதினொன்று சேர்ந்தாலும் சிஇடி எழுதலாம். அங்கே ஐந்து பாடத்தோடு ஆறாவதாக ஒன்று கூடுதலாக எடுக்கலாம் என்பதால் கணிதம், உயிரியல், கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றையும் வைத்துக்கொள்ள இடமுண்டு. பள்ளி ஒத்துக்கொள்ள வேண்டும், கட்டணமும் பியூ கல்லூரியை விடப் பல இடங்களில் அதிகம்.

சேரும் நாளில்

தமிழ்நாட்டிலிருந்து நேராக ஃபர்ஸ்ட் பியூவுக்கு வந்தால் அசல் மார்க் பட்டியல், டிசி, மைக்ரேஷன் சான்றிதழ், ஆதார் கையில் இருக்கட்டும். வெளி வாரியத்தில் படித்தவர்களுக்கு எலிஜிபிலிட்டி சான்று என்ற நடைமுறை உண்டு. கல்லூரி அலுவலகத்தில் அதற்கு என்ன தர வேண்டும், எந்தத் தேதிக்குள் என்று எழுதி வாங்குங்கள். பதினொன்றாவதை ஊரில் முடித்துவிட்டு செகண்ட் பியூவில் வந்து சேருவது மிகவும் சிரமம். மாற்றலாகி வருபவர்கள் முடிந்தால் இரண்டு வருடத்தையும் ஒரே மாநிலத்தில் முடிக்கப் பாருங்கள்.

இங்கே படித்த பிள்ளைகளுக்கு சாட்ஸ் எண் என்று ஒன்று இருக்கும். பள்ளியில் பிள்ளையின் படிப்பு விவரம் எல்லாம் அந்த எண்ணில்தான் பதிவாகிறது, சிஇடி விண்ணப்பத்தில் ஏழு வருடக் கணக்குக்கும் அதைத்தான் பார்க்கிறார்கள். பள்ளி மாறியபோது பெயரில் ஒரு எழுத்து, அப்பா பெயரின் இனிஷியல் முன்னால் பின்னால் என்று மாறியிருந்தால் பழைய பள்ளி இருக்கும்போதே திருத்திவிடுங்கள். நம் பெயர்களில் இனிஷியல் படுத்தும் பாடு கொஞ்சநஞ்சமல்ல. ஆதாரில் எப்படி இருக்கிறதோ அப்படியே எல்லாவற்றிலும் இருந்தால் நல்லது.

நீட் எழுத நினைக்கும் பிள்ளைக்கு, சேரும் ஆண்டு டிசம்பர் 31க்குள் 17 வயது முடிந்திருக்க வேண்டும். சீக்கிரம் பள்ளியில் போட்ட வீடுகள் இதைக் கணக்குப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரே கல்லூரிக்கு மட்டும் விண்ணப்பம் போடாதீர்கள். காலண்டர் தாளில் வந்த காம்பினேஷன் அங்கே முடிந்துவிட்டது என்றால் கவுன்டரில் நின்றபடி வேறொன்றுக்குச் சரி சொல்லாமல், "நாளைக்கு வருகிறேன்" என்று வெளியே வாருங்கள். அடுத்த கல்லூரியில் அது இருக்கும். பெரிய பெயர் இல்லாத கல்லூரியில் சரியான நான்கு பாடம் கிடைப்பதே மேல். காம்பினேஷன் மாற்றம் சேர்ந்த முதல் சில வாரங்களில் மட்டும் சாத்தியம், அதுவும் கல்லூரி மனம் வைத்தால்.

பணம் கட்டியதும் ரசீதை அங்கேயே நின்று படியுங்கள். மொழி இரண்டு, பாடம் நான்கு, ஆறும் நீங்கள் கேட்டவைதானா என்று பிள்ளையை விட்டு விரலால் தொட்டுத் தொட்டு வாசிக்கச் சொல்லுங்கள். பிறகு கல்லூரியில் தேர்வுப் பதிவு நடக்கும்போது இன்னொரு முறை. எதிர்வீட்டுப் பெண்ணின் ரசீதில் பிசிஎம்பிக்குப் பதில் பிசிஎம்சி என்று அச்சாகியிருந்தது. அவள் அப்பா சட்டைப் பையிலிருந்து காலண்டர் தாளை எடுத்துக் காட்டினார். பத்து நிமிடத்தில் திருத்திக் கொடுத்தார்கள்.